கைடை மாற்றினால் விசா போய்விடுமா?

கேள்வி:

மேடம், நான் அமெரிக்காவில் மிட்வெஸ்ட் பக்கம் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெட்டீரியல்ஸ் சயின்ஸில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பேட்டரி ஆராய்ச்சி. ஊர் விருதுநகர் பக்கம். பி.டெக். முடித்துவிட்டு நேராக இங்கே வந்தேன். பேட்டரி விஞ்ஞானி ஆறுமுகம் மந்திரம் சாரைப் பற்றிப் படித்துத்தான் இந்தத் துறையில் ஆசையே வந்தது. என் கைடு இளம் பேராசிரியர். வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஒன்றரை வருடத்தில் என் ப்ராஜெக்டை இரண்டு முறை மாற்றிவிட்டார். சனிக்கிழமை காலையில் குரூப் மீட்டிங் வைக்கிறார். மெயிலுக்குப் பதில் வராது. போன மாதம் எல்லோர் முன்னாலும், "உனக்கு பிஎச்.டி. ஒத்துவருமா என்று யோசித்துப் பார்" என்றார். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. லேப் மாறலாமா என்று சீனியரிடம் கேட்டேன். "கைடு கையெழுத்துப் போடவில்லை என்றால் மாணவர் விசாவுக்கு ஆதாரமான ஐ-20 கேன்சல், ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்" என்கிறார். ஜனவரியில், பிஎச்.டி.யைத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குவாலிஃபையிங் தேர்வு இருக்கிறது, எழுத்துத் தேர்வு. பேசாமல் மாஸ்டர்ஸை வாங்கிக்கொண்டு வேலை தேடலாமா? அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. ஊரில் இப்போதே என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

— பெயர் வேண்டாம்

பதில்:

தம்பி, மேடம் வேண்டாம், அக்கா என்றே எழுதுங்கள். நானும் ஒரு காலத்தில் காற்றுப் புகாத குளோவ் பாக்ஸுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றவள்தான். அப்புறம் ஆராய்ச்சியை விட்டு, பல வருடமாக ஒரு பல்கலைக்கழகத்தின் கிராஜுவேட் ஸ்கூல் அலுவலகத்தில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் கதையை வருடத்துக்கு ஏழெட்டுத் தடவையாவது கேட்கிறேன். ஊர் மட்டும் மாறும்.

முதலில் விசா. உங்கள் ஐ-20யை எடுத்து எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் கைடின் பெயர் எங்காவது இருக்கிறதா? இருக்காது. அதில் கையெழுத்துப் போட்டிருப்பவர் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ என்ற அதிகாரி. எஃப்-1 என்ற மாணவர் விசா அந்தஸ்து நிற்பது நீங்கள் முழுநேர மாணவராகப் பதிவு செய்திருப்பதிலும், படிப்பில் நகர்ந்துகொண்டிருப்பதிலும், அனுமதியில்லாத வேலை எதுவும் செய்யாமல் இருப்பதிலும்தான். அதே துறையில், அதே பட்டத்துக்குப் படிக்கும்போது கைடை மாற்றுவது துறைக்குள் நடக்கும் ஒரு படிவ வேலை. புதிய கைடும் டைரக்டர் ஆஃப் கிராஜுவேட் ஸ்டடீஸும் கையெழுத்துப் போடுவார்கள். சில துறைகளில் பழைய கைடும் 'தெரியும்' என்று ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். லேப் மாறியதால் படிப்பு நீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ-20யில் இருக்கும் முடிவுத் தேதி தாண்டுவதற்கு முன்பே போய் நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஆராய்ச்சித் தலைப்பு மாறியது விதியிலேயே எழுதப்பட்டிருக்கிற காரணம். எஃப்-1 விதிகளை மாற்றும் பேச்சு அடிக்கடி எழுவதால், எது இன்று நடப்பில் இருக்கிறது என்பதை டிஎஸ்ஓவிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். சீனியரிடம் கேட்காதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு யாரோ சொன்னதை உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். லேபுக்கு லேப் இப்படி ஒரு புராணம் உண்டு.

ஆனால் அவர் பயமுறுத்தியதற்கு அடியில் ஒரு உண்மை இருக்கிறது. அது பணம். நீங்கள் ஆர்ஏவா (கைடின் ஆராய்ச்சி உதவியாளர்), டிஏவா (வகுப்பெடுக்கும் உதவியாளர்) என்று கடிதத்தில் எழுதவே இல்லை. பேட்டரி லேப், இளம் பேராசிரியர் என்றால் பெரும்பாலும் ஆர்ஏவாகத்தான் இருப்பீர்கள். அப்படியென்றால் உங்கள் ஸ்டைபண்டும் கல்விக் கட்டணமும் அவர் ஆராய்ச்சிக்கு வாங்கிய கிராண்ட் பணத்திலிருந்து வருகின்றன. நீங்கள் லேபை விட்டு வெளியே வந்த செமஸ்டரில் வேறு யாரும் கட்டணத்தை ஏற்கவில்லை என்றால் பில் உங்கள் கணக்கில் ஏறும். பில் கட்டாவிட்டால் அடுத்த பதிவுக்குத் தடை விழும். பதிவு இல்லையென்றால் அப்போதுதான் எஃப்-1 ஆடும். சங்கிலி இவ்வளவுதான். கைடின் கோபத்துக்கும் உங்கள் விசாவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. நடுவில் இருப்பது கட்டண பில். அந்தக் கண்ணியை மட்டும் அறுபடாமல் பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் மனக்கஷ்டம், அவ்வளவே.

அதனால் இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு வந்த சேர்க்கைக் கடிதத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். ஐந்து வருடம் நிதி உண்டு, திருப்தியான முன்னேற்றம் இருக்கும்வரை, என்று துறை எழுதியிருக்கிறதா? அல்லது முதல் வருடத்துக்கு மட்டும் வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் கைடைப் பொறுத்தது என்று விட்டிருக்கிறார்களா? முதல் வகை என்றால், லேப் மாறும் இடைவெளியில் உங்களுக்கு டிஏ வேலை தேடிக் கொடுக்கும் பொறுப்பு துறைக்கு இருக்கிறது. இந்தக் கடிதத்தை விசா நேர்காணலுக்குப் பிறகு திறந்தே பார்க்காத பிள்ளைகள்தான் என் அறைக்கு அதிகம் வருகிறார்கள்.

மந்திரம் அவர்களைக் குறிப்பிட்டீர்கள். அமராபுரம் என்ற ஊரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகப் பட்டங்களோடு சென்னை ஐஐடிக்குப் போய் 1981இல் டாக்டர் பட்டம் வாங்கி, ஆக்ஸ்ஃபோர்டில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்இனஃப்பிடம் சேர்ந்தவர். 1986இல் குட்இனஃப் ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது இவரும் போனார். 2019இல் 97 வயது குட்இனஃப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் அவருக்குப் பதிலாக நோபல் உரை நிகழ்த்தியவர் நம் மந்திரம்தான். அவ்வளவு நீண்ட உறவு. இதைப் படித்துவிட்டு விமானம் ஏறுகிற பிள்ளைக்கு, கைடு என்றால் காலில் விழ வேண்டிய குரு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் டெக்சாஸுக்குப் போகும்போது குட்இனஃப்புக்கு வயது 64 பக்கம். பெயர் எடுத்து முடித்தவர். டென்யூர் என்ற நிரந்தரப் பதவி கிடைக்குமா என்று கவலைப்படும் நிலையில் இல்லை. உங்கள் கைடு அப்படியா?

அசிஸ்டன்ட் புரொஃபசராகச் சேர்ந்தவருக்கு ஆறாவது வருட வாக்கில் டென்யூர் பரிசீலனை. கிடைத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் இன்னொரு வருடம் அவகாசம், பிறகு வேறு ஊரில் வேலை தேட வேண்டும். உங்கள் கைடுக்கு மூன்றாம் வருடம். பாதித் தூரம் முடிந்துவிட்டது. இளம் பேராசிரியர்கள் கனவு காணும், அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பான என்எஸ்எஃப்-இன் கேரியர் விருதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்குக் குறைந்தபட்சம் 4 லட்சம் டாலர், சில பிரிவுகளில் 5 லட்சம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 80,000. அதிலிருந்து கட்டடம், மின்சாரம், நிர்வாகம் என்று பல்கலைக்கழகம் ஓவர்ஹெட்டாகப் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியில் ஒரு மாணவரின் ஸ்டைபண்ட், கட்டணம், காப்பீடு, கொஞ்சம் கெமிக்கல்ஸ். தீர்ந்தது. அந்த ஒரு மாணவர் பேப்பர் கொடுக்கவில்லை என்றால் அடுத்த கிராண்ட் இல்லை. போதாததற்கு 2025இல் ஓவர்ஹெட்டை 15 சதவீதத்தில் நிறுத்தப்போவதாக அமெரிக்க மத்திய அரசின் நிதி அமைப்புகள் ஒவ்வொன்றாக அறிவித்தன. பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பணம் குறைந்தால் லேபை நடத்தும் செலவுக்கே திண்டாட்டம். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் எரிசக்தித் துறையும் அதில் சேர்ந்தது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வருடம் நான் பார்த்த எல்லாப் பேராசிரியர்களுக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

இதை அவருக்கு வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னது தவறு. நான் அந்த அறையில் இருந்திருந்தால் மீட்டிங் முடிந்ததும் அவரைத் தனியாகப் பிடித்திருப்பேன். ப்ராஜெக்ட் இரண்டு முறை மாறியதன் விலையையும் அவர் யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். வெளியாட்களுக்கு இது புரியாது. காயின் செல் என்ற சின்னச் சோதனை பேட்டரியை சி/10 என்ற மெதுவான வேகத்தில் ஓட்டினால் சார்ஜ் ஏறப் பத்து மணி நேரம், இறங்கப் பத்து மணி நேரம். நூறு சைக்கிள், அதாவது நூறு முறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும் என்றால் 2,000 மணி நேரம். கணக்குப் போட்டால் 83 நாள். கரண்ட் ஒரு முறை போனாலோ, செல் ஓடும் சானலை இன்னொருவர் தெரியாமல் நிறுத்தினாலோ முதலிலிருந்து. ப்ராஜெக்ட் மாறினால் மெட்டீரியலே மாறுகிறது, மறுபடி அந்த 83 நாள்.

அதுகூடப் பரவாயில்லை, செல் செய்யும் வேலை இருக்கிறதே! ஆர்கான் நிறைந்த பெட்டி, ஆக்சிஜனும் ஈரமும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே. தடித்த ரப்பர் கையுறைக்குள் வியர்த்து ஊறிப்போன விரல்கள். அந்த விரல்களால் இடுக்கியைப் பிடித்து, நாணயம் அளவு டப்பாவுக்குள் கேத்தோடு, செப்பரேட்டர், ஒரு சொட்டு எலக்ட்ரோலைட், லித்தியம் வில்லை, ஸ்பிரிங் என்று அடுக்கி மூடி போடும்போது ஸ்பிரிங் துள்ளிப் பெட்டியின் மூலைக்கு ஓடும். எனக்கு இன்றும் கனவில் அந்த ஸ்பிரிங் ஓடுகிறது. இரவு ஒரு மணி ஸ்லாட் பிடித்துச் செய்த இருபது செல்லும் வீண் என்று ஆனபோது அழுகை வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, இப்போது உங்கள் பக்கம். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ப்ராஜெக்டை மாற்றியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஓகே புரொஃபசர்" என்றுதானே? தலையையும் பக்கவாட்டில் ஆட்டியிருப்பீர்கள். நம் ஊரில் அந்தத் தலையாட்டலுக்கு 'கேட்டுக்கொண்டேன், ஆனால் எனக்கு வேறு எண்ணம் இருக்கிறது' என்ற அர்த்தம்கூட உண்டு. இங்கே அது வெறும் சம்மதம். சனிக்கிழமை மீட்டிங் வைக்கலாமா என்று கேட்டபோது யாராவது முடியாது என்றீர்களா? "ஹவ் ஆர் திங்ஸ்?" என்று கேட்டால் "ஃபைன்" என்றிருப்பீர்கள். இங்கே பேசாமல் இருப்பவரை மரியாதையானவர் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, பிரச்சினை இல்லாதவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு என்னிடம் கண்ணால் பார்த்த ஆதாரம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை என்று ஒரு படிவம் வரும். உங்களுக்கும் வந்திருக்கும். மேலே கைடு எழுத ஒரு கட்டம், கீழே மாணவர் எழுத ஒரு கட்டம். ஒரு தமிழ்ப் பையனின் கோப்பு ஒரு முறை என் மேசைக்கு வந்தது. லேபை விட்டுப் போக வேண்டும் என்ற நிலையில் இருந்தவன். மூன்று வருடப் படிவங்களிலும் மாணவர் கட்டம் வெள்ளைவெளேர் என்று இருந்தது. கீழே அழகான கையெழுத்து மட்டும். மூன்று வருடமும் கைடு எழுதியிருந்தது ஒரே வரி: மாணவர் எந்தச் சிக்கலும் தெரிவிக்கவில்லை. நான் துறைத் தலைவரிடம் என்ன வாதாடுவது? அந்தப் பையன் சொன்ன அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரியும், காகிதத்தில்தான் ஒன்றும் இல்லை.

அதனால் கைடை விடுவதற்கு முன் ஒரே ஒரு முறை நேராகப் பேசிப் பாருங்கள். சனிக்கிழமை மீட்டிங்கில் பேசாதீர்கள். தனியாக அரை மணி நேரம் கேளுங்கள். கையில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: இந்த ஒன்றரை வருடத்தில் எதையெல்லாம் செய்தேன், ப்ராஜெக்ட் மாறியபோது எது பாதியில் நின்றது, அடுத்த ஆறு மாதத்தில் எதை முடிக்க முடியும். அன்று நீங்கள் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது, என் வேலையில் எது போதவில்லை என்று குறிப்பாகச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று கேளுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். பேசி முடித்த அன்று மாலையே, இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது என்று நாலு வரி மெயில் போட்டுவிடுங்கள். பதில் வராவிட்டாலும் அது கோப்பில் இருக்கும். இப்படிப் பேசிய பிறகு மாறிய கைடுகளைப் பார்த்திருக்கிறேன். மாறாதவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்த வகை என்று உங்களுக்கு ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பேச்சில் லேப் மாறப்போகிறேன் என்ற வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது.

ஏன் என்கிறீர்களா? நான் செய்த முட்டாள்தனம் அதுதான். மூன்றாம் வருட ஏப்ரலில், மனது வெந்துபோய், நடு இரவில் என் கைடுக்கு நீளமாக ஒரு மெயில் எழுதி, இனி உங்கள் லேபில் இருக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். புதிய இடம் எதையும் பார்த்து வைக்கவில்லை. அவர் மறுநாள் காலை மிக நாகரிகமாகப் பதில் போட்டார்: சரி, மே மாதத்தோடு உங்கள் நியமனம் முடிகிறது. கோடைக்கு ஆர்ஏ என்பது அவர் விருப்பம். துறை அதில் தலையிடாது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று மாதம் சம்பளம் இல்லை. இரண்டு தோழிகளின் ஹாலில் மெத்தை போட்டுப் படுத்து, பருப்பு சாதமும் ஊறுகாயுமாகக் கோடையை ஓட்டினேன். ஆகஸ்டில் வேறொரு பேராசிரியர் சேர்த்துக்கொண்டார், அதனால் இன்று சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. புது வீடு கிடைக்கும்முன் பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு வரிசை இப்படி வரும் என்று நினைக்கிறேன். ஜனவரித் தேர்வை எழுதிவிடுங்கள். ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி வாதிடும் வகைத் தேர்வாக இருந்திருந்தால், அதற்கு முன்பே லேப் மாறச் சொல்லியிருப்பேன். பழைய லேபின் தலைப்பில் தேர்வாகி என்ன பயன்? உங்களுக்கு எழுத்துத் தேர்வு. அது எந்த லேபுக்குப் போனாலும் கூடவே வரும். குவால்ஸ் என்கிற அந்தத் தேர்வை முடித்த மாணவரைச் சேர்ப்பது புதிய கைடுக்கும் ஆபத்து குறைந்த காரியம். இதற்கிடையில், இந்த வாரமே, உங்கள் துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டரைப் பாருங்கள். பேராசிரியர் இல்லை, அலுவலக ஊழியர். யாருடைய கிராண்ட் எப்போது முடிகிறது, வசந்த செமஸ்டருக்கு எத்தனை டிஏ காலி என்பதெல்லாம் துறைத் தலைவரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். டிஏ பட்டியல் செமஸ்டர் நடுவிலேயே போட ஆரம்பித்துவிடுவார்கள். டிசம்பரில் போய் நின்றால் கைவிரிப்பார்கள். இன்னொன்று: வெளிநாட்டு மாணவர் வகுப்பெடுக்க வேண்டும் என்றால் பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலப் பேச்சுத் தேர்ச்சி கேட்பார்கள். உங்கள் டோஃபல் பேச்சு மதிப்பெண் போதுமா, தனித் தேர்வு எழுத வேண்டுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

புதிய லேபைத் தேடும்போது வெப்சைட்டில் இருக்கும் சிரித்த முகப் படங்களை நம்பாதீர்கள். என்எஸ்எஃப் கொடுத்த விருதுகளின் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. பேராசிரியர் பெயரைப் போட்டால் எவ்வளவு பணம், எந்தத் தேதியில் முடிகிறது என்று வந்துவிடும். அடுத்த ஜூனில் முடியும் கிராண்டை நம்பிப் போய்ச் சேர்ந்துவிட்டு மறுபடி எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். அப்புறம் நூலகத்தின் ஆய்வேடுகள் பக்கத்துக்குப் போய், அந்தப் பேராசிரியரிடம் முடித்தவர்கள் யார், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று பாருங்கள். சேர்ந்தவர்களில் முடிக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் பக்கத்திலும் இருக்காது. அந்த லேபின் நான்காம் வருட மாணவரை ஒரு காபிக்குக் கூப்பிட்டால் தெரியும். பேராசிரியருக்கு எழுதும் மெயிலில் பழைய கைடைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். உங்கள் அந்தக் கட்டுரையைப் படித்தேன், எனக்குச் செல் செய்யவும் டேட்டா அலசவும் தெரியும், இருபது நிமிடம் கிடைக்குமா, போதும். ஏன் மாறுகிறாய் என்று நேரில் கேட்பார்கள். ஆராய்ச்சி ஆர்வம் வேறு திசையில் போகிறது என்று சொல்லுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. லேப் நோட்டுப் புத்தகமும் டேட்டாவும் உங்கள் கையால் செய்தவை என்றாலும் உங்கள் சொத்து ஆகாது. கிளம்புகிற கோபத்தில் ஹார்ட் டிஸ்க்கில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டுரையில் உங்கள் பெயர் வரும் என்பதையும் கிளம்பும் முன்பே மெயிலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாஸ்டர்ஸ் விஷயம். உங்களிடம் ஒரு கேள்வி: இதே குளோவ் பாக்ஸ், இதே செல், ஆனால் மெயிலுக்குப் பதில் போடுகிற, மனிதரை மனிதராக நடத்துகிற கைடு என்றால், திங்கட்கிழமை காலை லேபுக்குப் போகப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் நீங்கள் மாற்ற வேண்டியது லேபை, பட்டத்தை அல்ல. ஆராய்ச்சியே கசக்கிறது என்றால் மாஸ்டர்ஸோடு வெளியேறுவது நல்ல முடிவுதான். என்னிடம் வந்தவர்களில் அப்படிப் போய் நன்றாக இருப்பவர்கள் நிறைய. இங்கே மாஸ்டர்ஸ் வாங்காமல் நேராக வந்ததால், படிப்பு முடிந்து இங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் உங்கள் ஓபிடி இன்னும் அப்படியே இருக்கிறது. முதலில் 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்ப) படிப்பு என்பதால் தகுதியான வேலை அமைந்தால் இன்னும் 24 மாதம். ஆனால் அதைச் சரியாக வாங்க வேண்டும். பட்டம் பிஎச்.டி.யிலிருந்து மாஸ்டர்ஸுக்கு மாறுகிறது என்று முதலில் ஐ-20யைத் திருத்த வேண்டும். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிந்து 60 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். ஓபிடி தொடங்கிய பிறகு முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்கக்கூடிய நாட்கள் மொத்தம் 90. கோபத்தில் டிசம்பரில் முடித்துவிட்டு ஜனவரியில் ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தால் அந்த 90 நாள் கரைவதே தெரியாது. வேலை தேடுவதானால் லேபில் இருக்கும்போதே தேடுங்கள்.

நோபல் வாங்கியவர்களை உதாரணம் காட்டுவது எனக்கே பிடிக்காது, ஆனாலும் ஒரு தகவலுக்காக: சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, சான் டியாகோவில் உயிரியல் மாணவராக மறுபடி முதலிலிருந்து போய் உட்கார்ந்தார். அங்கே இரண்டாவது பட்டத்துக்குக் காத்திருக்கவும் இல்லை. இரண்டு வருடத்தில் யேலுக்குக் கிளம்பிவிட்டார். திசை மாறுவதை இங்கே யாரும் தலைகுனிவாகப் பார்ப்பதில்லை. பார்ப்பது நம் பாட்லக் விருந்துகளில்தான். அதனால் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் புளியோதரைத் தட்டோடு நின்றுகொண்டு இந்தக் கதையை யாரிடமும் சொல்லாதீர்கள். சர்க்கரைப் பொங்கல் காலியாவதற்குள் உங்கள் லேபுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

யாரிடமாவது கொட்ட வேண்டும் என்றால், குறைகளை ரகசியமாகக் கேட்கும் ஓம்பட்ஸ் அலுவலகம் இருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1967இலிருந்தே இருக்கும் ஏற்பாடு. இன்று பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் உண்டு. சொல்வது வெளியே போகாது, கோப்பு போடமாட்டார்கள், யார் பக்கமும் சாய மாட்டார்கள். கைடு உங்கள் விசாவை வைத்து மிரட்டினாலோ, கையெழுத்து வேண்டுமென்றால் இதைச் செய் என்றாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு அங்கே போங்கள். தூக்கத்துக்குக் கவுன்சலிங் சென்டர். பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே கட்டிய மாணவர் கட்டணத்தில் அது அடக்கம். உடம்பு முடியவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஒரு செமஸ்டர் பாடச் சுமையைக் குறைத்துக்கொள்ள எஃப்-1 விதியில் இடமிருக்கிறது, டிஎஸ்ஓ முன்கூட்டியே அனுமதிக்க வேண்டும். ராத்திரியில் தாங்க முடியாத எண்ணம் ஏதாவது வந்தால் 988 என்ற நெருக்கடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.

அப்பா. சொல்லிவிடுங்கள், ஆனால் பாதி செய்தியைச் சொல்லாதீர்கள். "லேப் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் விருதுநகரில் அவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும், மறுநாள் உங்கள் மாமா போன் செய்வார், அடுத்த நாள் பெரியப்பா. கோஆர்டினேட்டரையும் டிஎஸ்ஓவையும் பார்த்துவிட்டு, "அப்பா, வேறு பேராசிரியரிடம் மாறலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், விசாவுக்கு ஒன்றும் ஆகாது, விசாரித்துவிட்டேன், ஜனவரியில் பரீட்சை" என்று முழுசாகச் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது நீங்கள் சாப்பிட்டீர்களா என்பதாகத்தான் இருக்கும்.

டிஎஸ்ஓவைப் பார்க்கப் போகும்போது பாஸ்போர்ட், ஐ-20, அந்தச் சேர்க்கைக் கடிதம் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். முன்பதிவு இல்லாமல் போய்ப் பார்க்கும் நேரம் என்று வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். செமஸ்டர் தொடக்கத்திலும் கடைசியிலும் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். நடுவில் ஒரு புதன்கிழமை காலை போனால் கூட்டம் இருக்காது.